ஐஸ்லாந்து: எட்டு நாளில் அம்மாவுக்கு எதைக் காட்டுவது?

கொள்ளிடக்கரை | 14 ஏப்ரல் 2024

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் முதல் வாரம் அம்மாவை ஐஸ்லாந்துக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு 67 வயது. பொறையாறில் பிறந்து வளர்ந்தவர். அப்பா காலமான பிறகு கோடையில் என்னோடு மியூனிக்கில் வந்து தங்கிவிட்டுப் போவார். இடது முழங்காலில் வலி உண்டு. சமதரையில் மெதுவாக இரண்டு கிலோமீட்டர் நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார்.

வாடகைக் காரை நானே ஓட்டுவேன். தீவைச் சுற்றிவரும் 1ஆம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்கு மேல் என்று படித்தேன். எட்டு நாளில் சுற்றிவிடலாம் என்று 41 இடங்களைக் குறித்துப் பட்டியல் போட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுவதும் படித்துவிட்டு, “இதில் எங்கேயாவது உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கிறதா?” என்று கேட்டார். அன்றிரவே பட்டியலை மூடி வைத்துவிட்டேன்.

போய் வந்தவர்கள் தலா ஒரே ஒரு நாளைச் சொல்லுங்கள். இன்றுவரை உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு நாள். எங்கே, ஏன்?

வடதிசை | 14 ஏப்ரல் 2024

மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை நீங்கள் நினைத்தபடியே ஏழு நாளில் தீவைச் சுற்றினேன். அந்தப் பயணத்தில் எனக்கு நினைவில் இருப்பது கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர்தான். சுற்றாதீர்கள்.

என் ஒரு நாள்: யோகுல்சார்லோன். தென்கிழக்கில் வாட்னயோகுல் என்ற பெரும் பனிப்பாறையின் ஒரு கிளை ஏரிக்குள் இறங்கி உடைகிற இடம். நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏரியே கிடையாது. 1930களில் பனி பின்வாங்கத் தொடங்கிய பிறகு உண்டான பள்ளம் இன்று 240 மீட்டருக்கு மேல் ஆழம். கரையில் உட்கார்ந்துகொண்டே எல்லாவற்றையும் பார்க்கலாம், அம்மாவின் முழங்காலுக்கு வேலையே இல்லை.

வீடு வீடாக மிதக்கும் பனிக்கட்டிகள். எல்லாம் வெள்ளை என்று நினைத்துப் போனேன். புதிதாகப் புரண்ட கட்டி மயில்கழுத்து நீலம். சிலவற்றில் கறுப்புக் கோடுகள் ஓடும், என்றோ வெடித்த எரிமலையின் சாம்பல் பனிக்குள் படிந்தது. நான் கரையோரம் ஒதுங்கிய ஒரு துண்டை எடுத்துக் காதருகே வைத்தேன். உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியேறிக் கடுகு பொரிவதுபோல் சின்னச் சின்னதாக வெடித்தது. அது உருகி முடியும்வரை கையில் வைத்திருந்தேன். கை மரத்துப்போனது தெரியவில்லை.

தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து சுமார் 375 கிலோமீட்டர். காலையில் கிளம்பி இரவு திரும்பும் பஸ் பயணங்கள் விற்கிறார்கள், அதில் மட்டும் போகாதீர்கள். பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஏரியைப் பார்ப்பீர்கள். அருகிலேயே ஓர் இரவு தங்குங்கள். போகும் வழியில் ஸ்காஃப்டாஃபெல் பக்கம் சாலையோரமாக முறுக்கிப் பிழிந்த இரும்பு உத்தரங்கள் கிடக்கும். பனிக்கடியில் எரிமலை வெடித்ததால் 1996 நவம்பரில் கிளம்பிய வெள்ளம் அடித்துப்போன பாலத்தின் மிச்சம். வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

எல்லோரும் சொல்லும் ‘தங்க வட்டம்’ (திங்வெட்லிர் பள்ளத்தாக்கு, கெய்சிர் வெந்நீர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி மூன்றும் சேர்ந்த ஒரு நாள் சுற்று) என்னைக் கேட்டால் தேவையில்லை. கூட்டம் அதிகம்.

ஏட்டுச்சுவடி | 15 ஏப்ரல் 2024

வடதிசை சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் நான் ஏற்கவில்லை. திங்வெட்லிரைத் தவிர்த்துவிட்டு வருபவர் ஐஸ்லாந்தின் நிலத்தைப் பார்த்திருப்பார், அந்த மக்களைப் பார்த்திருக்க மாட்டார்.

கி.பி. 930இல் அங்கே திறந்தவெளியில் சபை கூடியது. அரசன் இல்லை, கோட்டை இல்லை. ஆண்டுதோறும் கோடையில் நாடு முழுவதிலுமிருந்து குதிரையில் வந்து கூடாரம் போட்டுத் தங்கி வழக்குகளைத் தீர்த்தார்கள். சட்டம் எழுத்தில் இல்லாத காலம் அது. சட்டம் உரைப்பவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் சட்டப்பாறை மேல் நின்று ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மூன்று ஆண்டுகளில் முழுச் சட்டத்தையும் மனப்பாடமாகச் சொல்லி முடிக்க வேண்டும். செவிவழியாகவே பாடம் கேட்டுப் பழகிய மரபில் வந்த நமக்கு இது எவ்வளவு பெரிய உழைப்பு என்று புரியும். நான் அந்தப் பாறையருகே ஒரு மணி நேரம் நின்றேன். பின்னால் கருங்கல் சுவர் எழுந்து நிற்கிறது. அதன் முன் நின்று பேசினால் குரல் சுவரில் பட்டு எதிரே சமவெளிக்குப் போகிறது.

அந்தச் சுவர் வட அமெரிக்கக் கண்டத்தட்டின் ஓரம். எதிர்ப்பக்கம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டே இருக்கிறது. நாடு பிளவுபடும் இடத்தில்தான் நாட்டைச் சேர்த்துவைக்கும் சபை கூடியிருக்கிறது. 1944 ஜூன் 17 அன்று குடியரசு அறிவிக்கப்பட்டதும் அங்கேதான், கொட்டும் மழையில், குடை பிடித்துக்கொண்டு.

எல்லாமே பெருமை இல்லை. ஓடையில் ஒரு மடு இருக்கிறது. பிற்காலத்தில் பெண்களுக்கு மரண தண்டனை என்றால் அதில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கல்வெட்டு வைத்து அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு: மேல் பார்வை இடத்திலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்குவது சரிவுப்பாதைதான், படிகள் பெரிதாக இல்லை. அம்மாவை இறக்கிவிட்டுவிட்டு நீங்கள் காரைக் கீழே உள்ள நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு எதிரே நடந்து வாருங்கள். மீண்டும் ஏற வேண்டியதில்லை. காலை 8 மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது.

வடதிசை | 15 ஏப்ரல் 2024

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். நான் போனது பகல் 12 மணிக்கு, ஜூலையில். எட்டு மணிக்குப் போயிருந்தால் வேறுமாதிரி எழுதியிருப்பேன்.

மழைக்குருவி | 15 ஏப்ரல் 2024

சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அந்தத் தங்க வட்டச் சுற்றில் போவதற்கு எனக்குக் காரணமே சாப்பாடுதான்.

லௌகர்வாட்ன் என்ற ஏரிக்கரை. கறுப்பு மணலில் ஆங்காங்கே ஆவி வரும். அங்கே ரை என்ற தானியத்தில் கரும்பழுப்பு நிற ரொட்டி ஒன்று செய்கிறார்கள். மாவைப் பாத்திரத்தில் போட்டு மூடி, மணலில் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு கல்லை அடையாளம் வைத்துவிடுகிறார்கள். 24 மணி நேரம். அடுப்பு கிடையாது, நிலத்தின் சூடுதான். மறுநாள் மண்வெட்டியால் தோண்டும்போது குழிக்குள் தண்ணீர் கொதிப்பது கண்ணுக்குத் தெரியும். மேலோடு என்று ஒன்று இல்லாமல் முழுக்க ஆவியில் வெந்ததால் நம் ஊர்ப் புட்டுக்கும் வெல்ல அல்வாவுக்கும் நடுவில் ஒரு பதம். சூடாக வெட்டி வெண்ணெய் தடவித் தந்தார்கள். வெண்ணெய் வைத்த இடத்திலேயே உருகி இறங்கிவிட்டது. நான்கு துண்டு சாப்பிட்டேன்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ரெய்க்ஹோல்ட் ஊரில் தக்காளித் தோட்டம், ஃப்ரிட்ஹெய்மார். கண்ணாடி வீட்டுக்குள் வெந்நீர்க் குழாய் ஓட்டி, விளக்குப் போட்டு, பனிக்காலத்திலும் தக்காளி விளைவிக்கிறார்கள். செடிகளுக்கு நடுவிலேயே மேசை போட்டுத் தக்காளி சூப், ரொட்டி. மேசையில் துளசி வாசம் அடிக்கும் பேசில் செடி தொட்டியோடு இருக்கும், கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். முன்பதிவு அவசியம்.

தயிருக்கு ஸ்கீர் வாங்குங்கள். கட்டித்தயிர் போலிருக்கும், பாலில் தளர்த்திச் சோற்றில் பிசைந்தால் தயிர்சாதம் தயார். சில வகைகளில் பாலைத் திரிக்க விலங்கிலிருந்து எடுத்த பொருள் சேர்ப்பதுண்டு, உறையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். குழாயில் வரும் குளிர்ந்த நீரை அப்படியே குடிக்கலாம். வெந்நீரில் கந்தக வாடை அடிக்கும், அதில் ரசம் வைக்க வேண்டாம்.

பனிப்பூ_ஒஸ்லோ | 17 ஏப்ரல் 2024

வணக்கம் தம்பி. நாங்கள் நோர்வேயில் முப்பது வருடமாக வசிக்கிறோம், இங்கிருந்து ஐஸ்லாந்து மூன்று மணி நேரம்கூட இல்லை. இரண்டு பிள்ளைகளோடு போன பயணம் ஒன்றைச் சொல்கிறேன்.

தெற்கே ஹெய்மாயே என்று ஒரு சிறு தீவு. லாண்டெயாஹோப்ன் துறையிலிருந்து படகில் நாற்பது நிமிடம். 1973 ஜனவரி 23 அதிகாலை இரண்டு மணிக்கு ஊருக்குப் பக்கத்திலேயே நிலம் பிளந்து நெருப்பு எழும்பியது. முதல் நாள் புயல் என்பதால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றன. அந்தப் படகுகளில் ஏற்றி அன்றிரவே சுமார் 5,300 பேரையும் பெருநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு எரிகுழம்பு துறைமுக வாயை மூட வந்தபோது மாதக்கணக்கில் கடல்நீரைப் பாய்ச்சி அதை உறையவைத்து நிறுத்தினார்கள். நானூறு வீடுகள் அளவில் போய்விட்டன. அப்படிப் புதைந்த ஒரு வீட்டைத் தோண்டியெடுத்து அதைச் சுற்றியே அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள்.

இரவோடு இரவாக வீட்டை விட்டு ஓடுவது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த வீட்டின் சமையலறையைப் பார்த்தபோது கால் நகரவில்லை. கூரை சரிந்து சாம்பல் நிறைந்திருக்கிறது, அலமாரி அப்படியே நிற்கிறது. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்ததும், “இவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் அம்மா” என்றாள். உண்மைதான், பெரும்பாலானவர்கள் திரும்பி வந்து அதே சாம்பலைக் கூட்டிப் பெருக்கி வாழ்கிறார்கள்.

நீங்கள் போகும் காலம் நல்ல காலம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் பஃபின் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் பொந்தை விட்டுக் கிளம்பும். நிலவொளியைப் பார்த்துக் கடலுக்குப் போக வேண்டியவை, தெருவிளக்கைக் கண்டு ஏமாந்து ஊருக்குள் விழுந்துவிடும். ஊர்ப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியோடு இரவெல்லாம் தெருவில் தேடுவார்கள். பெற்றோர் திட்டமாட்டார்கள், கார் ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். பிடித்த குஞ்சை மறுநாள் எடை பார்த்துப் பதிந்துவிட்டுக் கடலோரப் பாறைக்குக் கொண்டுபோய் மேலே வீசிப் பறக்கவிடுவார்கள். படங்களில் பார்க்கிற செம்மஞ்சள் அலகு குஞ்சுக்கு இல்லை, சாம்பல் நிறம். என் மகன் கையில் ஒரு குஞ்சைத் தந்தார்கள். அதன் நெஞ்சு அடிக்கும் வேகத்தைப் பார்த்து அவன் பயந்துபோய், வீசாமல் நெடுநேரம் நின்றான். பிறகு இரண்டு கையாலும் உயர்த்திவிட்டான். அது தாழப் பறந்து அலைக்கு மேல் போய்ப் புள்ளியாக மறைந்தது.

ஒரு குறிப்பு: அலை பெரிதாக இருந்தால் படகு தோர்லாக்ஸ்ஹோப்ன் துறைக்கு மாறும். அப்போது மூன்று மணி நேரம் ஆடிக்கொண்டே போக வேண்டும். அம்மாவுக்கு அது வேண்டாம்.

தாழ்வாரம் | 17 ஏப்ரல் 2024

அக்கா, படித்துவிட்டு ஒரு நிமிடம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. நன்றி.

நான் சொல்வது காற்றைப் பற்றி. ஸ்கோகாஃபோஸ் அருவிக்குப் போனோம். 60 மீட்டர் உயரத்திலிருந்து நேர்குத்தாக விழுகிறது, வெயில் வந்தால் காலடியிலேயே வானவில். அந்த மகிழ்ச்சியில் கார்க் கதவை ஒரு கையால் திறந்தேன். காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிட்டது. வாடகை நிறுவனம் எங்களிடம் விற்ற காப்பீட்டில் காற்றால் கதவுக்கு வரும் சேதம் சேராது என்பது சிறிய எழுத்தில் இருந்தது. இரண்டு நாள் தங்கும் செலவு அதிலேயே போயிற்று. காற்று வரும் திசைக்கு வண்டியின் முகத்தைத் திருப்பி நிறுத்துங்கள். கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். அம்மாவின் கதவை நீங்களே இறங்கிப்போய்த் திறந்துவிடுங்கள்.

நெறியாளர் | 18 ஏப்ரல் 2024

இழை நன்றாகப் போகிறது. புதியவர்களுக்காக மூன்று செய்திகள்.

ரேனிஸ்ஃப்யாரா கறுப்பு மணல் கடற்கரையில் கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். பத்து அலை கணுக்கால் அளவில் வந்து போகும், பதினொன்றாவது ஆளை இழுத்துக்கொண்டு போகும். பலர் இறந்திருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள், அது சொல்வதைக் கேளுங்கள். மெரினாவில் கால் நனைத்த பழக்கம் இங்கே உதவாது.

எரிகுழம்புப் பாறை மேல் படர்ந்திருக்கும் பாசியை மிதிக்காதீர்கள். ஒரு காலடித் தடம் ஆற ஆண்டுகள் பல ஆகும். சாலையை விட்டு வண்டியை இறக்குவது சட்டப்படி குற்றம்.

கிரிண்டாவிக் ஊர் 2023 நவம்பரில் காலி செய்யப்பட்டது. டிசம்பரிலிருந்து அந்தப் பகுதியில் மீண்டும் மீண்டும் எரிமலை வெடித்துவருகிறது. அதன் பக்கத்தில் உள்ள நீலக் குளம் (புளூ லகூன்) என்ற வெந்நீர்க் குளத்துக்கு முன்பதிவு செய்பவர்கள் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். அவசர உதவிக்கு 112.

கொள்ளிடக்கரை | 21 ஏப்ரல் 2024

ஒவ்வொன்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொட்டிப் பதிவை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பஃபின் குஞ்சைப் பற்றிப் படித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

41 இடங்கள் இப்போது 9. திங்வெட்லிர், கெய்சிர், குல்ஃபோஸ், ரொட்டி, தக்காளி, தென்கரை அருவிகள், ஹெய்மாயே. யோகுல்சார்லோனுக்கு இரண்டு நாள் வைத்திருக்கிறேன். இன்னும் யாராவது சொல்ல விரும்பினால் சொல்லுங்கள்.

கடலோடி | 2 மே 2024

தாமதமாக வருகிறேன். பொறையாறு என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வடமேற்கில் கை விரித்தாற்போல் கடலுக்குள் நீண்டிருப்பது மேற்கு ஃபியோர்டுகள். சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் அங்கே போவதில்லை, சாலை மலையைச் சுற்றிச் சுற்றிப் போவதால் நேரம் பிடிக்கும். அங்கே இசாஃப்யோர்துர் நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டரில் சுடாவிக் என்ற சிற்றூர். அது இருக்கும் கடற்கழியின் பெயர் ஆல்ஃப்டாஃப்யோர்துர். 1593இல் அந்தக் கழியின் கரையில் ஒருவர் பிறந்தார். பெயர் யோன் ஓலாஃப்சன்.

ஐஸ்லாந்து அப்போது டென்மார்க் அரசின் கீழ் இருந்தது. யோன் இளமையிலேயே கப்பலேறிப்போய் டென்மார்க் மன்னன் நான்காம் கிறிஸ்டியானின் படையில் பீரங்கி வீரரானார். 1622இல் இந்தியாவுக்குப் போகும் கப்பலில் ஏறினார். வந்து இறங்கிய இடம் தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்து டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையில்தான் அவருக்குப் பணி. வெடி விபத்தில் காயம்பட்டு ஊர் திரும்பினார். 1661இல், முதுமையில், தன் பயணங்களை எல்லாம் எழுதிவைத்தார். ஐஸ்லாந்தில் அவரை இன்றும் ‘இந்தியாஃபாரி’ என்கிறார்கள். இந்தியாவுக்குப் போனவர் என்று பொருள்.

உங்கள் அம்மா சிறுவயதில் எத்தனை முறை அந்தக் கோட்டையைக் கடந்து போயிருப்பார்! நான் சீர்காழிக்காரன். 2019இல் அந்தக் கழிக்கரையில் நின்றபோது மூன்று டிகிரி குளிர். தண்ணீர் அசையாமல் ஈயம்போல் கிடந்தது. தரங்கம்பாடியில் கோட்டையின் காலடியிலேயே அலை வந்து மோதும் சத்தம் காதில் இருந்தது. இரண்டும் ஒரே மனிதனின் ஊராக இருந்திருக்கிறது.

யோகுல்சார்லோனின் இரண்டு நாளை இங்கே கொடுங்கள் என்று சொல்லத் துணிகிறேன். ரெய்க்யவிக்கிலிருந்து விமானம் நாற்பது நிமிடம்தான்.

வடதிசை | 2 மே 2024

யோகுல்சார்லோனைப் பரிந்துரைத்தவனே சொல்கிறேன்: கடலோடி சொல்வதைக் கேளுங்கள். பனிக்கட்டியை எங்கள் எல்லோருக்கும் காட்டலாம். இதை உங்கள் அம்மாவுக்குத்தான் காட்ட முடியும்.

ஏட்டுச்சுவடி | 3 மே 2024

கடலோடி, இத்தனை ஆண்டுகளாக அந்த நாட்டைப் படித்துவருகிறேன், இது எனக்குப் புதிது. அவருடைய நூல் ஆங்கிலத்தில் கிடைப்பதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். மாலையில் தொடங்குகிறேன்.

கொள்ளிடக்கரை | 5 மே 2024

அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தக் குளிரில் பிறந்தவன் நம் ஊர்ச் சித்திரை வெயிலை எப்படித் தாங்கினான்?” என்றார். கோட்டை வாசலில் வேர்க்கடலை வாங்கித் தின்றதையும் பள்ளியிலிருந்து அழைத்துப்போனதையும் சொன்னார். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

நெறியாளர் | 28 ஆகஸ்ட் 2024

பயணம் நெருங்குவதால் இந்த இழையை மேலே கொண்டுவருகிறேன். மூன்று நாட்களுக்கு முன், யோகுல்சார்லோன் ஏரிக்குள் இறங்கும் பிரெய்தாமெர்குர்யோகுல் பனிப்பாறையில் பனி இடிந்து விழுந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். பனிக்குகை என்பது குளிர்காலத்தில் பார்க்க வேண்டியது. கோடையில் பனி உள்ளுக்குள் இளகியிருக்கும், யார் அழைத்தாலும் போகாதீர்கள். கிரிண்டாவிக் இருக்கும் ரெய்க்யனெஸ் பகுதியில் 22ஆம் தேதி மீண்டும் எரிமலை வெடித்திருக்கிறது. விமான நிலையம் வழக்கம்போல் இயங்குகிறது.

கொள்ளிடக்கரை | 19 செப்டம்பர் 2024

திரும்பி வந்து பத்து நாளாகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

1ஆம் தேதி இரவு இறங்கினோம். கெப்லாவிக் விமான நிலையத்திலிருந்து ரெய்க்யவிக்குக்குப் போகும் சாலையில் வலப்பக்கம் மேகத்தின் அடிவயிறு சிவந்திருந்தது. ஊர் விளக்கு என்று நினைத்தேன். எரிமலை. அம்மா கைகூப்பினார்.

திங்வெட்லிரில் ஏட்டுச்சுவடி ஐயா சொன்னபடி காலை 8 மணிக்கு முன்பே இறங்கினோம். எங்களைத் தவிர இரண்டு பேர். நான் காரைக் கீழே விட்டுவிட்டு எதிரே நடந்து வந்தபோது அம்மா பாறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “எந்தப் பக்கம் நகர்கிறது?” என்று கேட்டார். காட்டினேன்.

கெய்சிரில் பழைய பெரிய ஊற்று உறங்குகிறது, பக்கத்தில் ஸ்ட்ரோக்கூர்தான் பத்து நிமிடத்துக்குள் ஒரு முறை எழும்புகிறது. எழும்புவதற்கு ஒரு நொடி முன்னால் நீர்ப்பரப்பு நீலக் குமிழாக உப்பும். அதைக் கவனித்தவர்கள் குறைவு, எல்லோரும் கைப்பேசியை உயரே பிடித்திருந்தார்கள். அம்மா ஏழு முறை பார்த்தார். ஏழு முறையும் அந்தக் குமிழை எனக்குக் கைகாட்டினார்.

குல்ஃபோஸில் சாரல் பலமாக இருந்ததால் மேலிருந்தே பார்த்தோம். அந்த அருவியை மின்சாரத்துக்கு விற்கவிடாமல் போராடிய சிக்ரிதுர் தோமாஸ்தோத்திர் என்ற விவசாயி மகளின் முகத்தைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வழக்குக்காக ரெய்க்யவிக்குக்கு நடந்தே போவாராம். அம்மா அருவியைவிட அந்த முகத்தை அதிக நேரம் பார்த்தார்.

மழைக்குருவி, ரொட்டி இருந்தது, தக்காளி சூப்பும் இருந்தது. ரொட்டியில் அம்மா ஏலக்காய் இல்லாததுதான் குறை என்றார்.

ஹெய்மாயே நடக்கவில்லை. அன்று அலை பெரிது, படகு தோர்லாக்ஸ்ஹோப்னுக்கு மாறிவிட்டது. பனிப்பூ அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டோம். எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

5ஆம் தேதி இசாஃப்யோர்துருக்குப் பறந்தோம். விமானம் மலைகளுக்கு நடுவே கடற்கழிக்குள் நுழைந்து, எதிர்மலைக்கு முன்னால் சரிந்து திரும்பி இறங்குகிறது. புல்சரிவில் நின்ற ஆடுகளைச் சன்னலுக்கு நேராகப் பார்த்தோம். மறுநாள் சுடாவிக். 1995 ஜனவரியில் பனிச்சரிவு வந்து 14 பேரைக் கொண்டுபோன ஊர். பிறகு ஊரையே கொஞ்சம் தள்ளிப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பழைய வீடுகள் இருக்கின்றன, குளிர்காலத்தில் அவற்றில் யாரும் குடியிருப்பதில்லை.

பழைய பண்ணை வீடு ஒன்றில் ஆர்க்டிக் நரிக்கான காட்சியகம் வைத்திருக்கிறார்கள். மனிதன் வருவதற்கு முன்பே அந்தத் தீவில் இருந்த ஒரே தரைவாழ் பாலூட்டி அந்த நரிதான். பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். அங்கிருந்த பெண்மணிக்கு அம்மாவின் வயது இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். அம்மா என் கையைத் தட்டி, “தரங்கம்பாடி பக்கம் என்று சொல்” என்றார். டேனியர் சொல்லும் பெயரான ‘டிராங்கேபார்’ என்று சொன்னேன்.

அவர் கையிலிருந்த துணியை மேசையில் வைத்தார். “இந்தியாஃபாரி?” என்றார். நான் தலையசைத்ததும் உள்ளே போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். ஓரங்கள் மஞ்சளித்திருந்தன. அதிலிருந்த வரைபடத்தை விரித்து அம்மாவின் முன் வைத்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சோழமண்டலக் கரையை மேலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்து, காவிரி முகத்துவாரத்துக்குக் கீழே நிறுத்தினார். பிறகு அரை அங்குலம் மேற்கே நகர்த்தி, “இது என் வீடு” என்றார், தமிழிலேயே. அந்தப் பெண்மணிக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து நடந்ததை நான் ஓரமாக நின்று பார்த்தேன். அம்மா ‘தரங்கம்பாடி’ என்று சொல்லித் தந்தார். அவர் மூன்று நான்கு முறை தடுமாறிச் சொன்னார். பொருள் என்ன என்று கேட்டார், அலைகள் பாடும் ஊர் என்று நான் சொன்னேன். அவர் சன்னலுக்கு வெளியே கழியைக் காட்டி, ஆல்ஃப்டாஃப்யோர்துர் என்றால் அன்னங்களின் கழி என்றார். அம்மா அதைச் சொல்லிப் பழகினார். இருவரும் ஒருவர் வாயை ஒருவர் உற்றுப் பார்த்தபடி அரை மணி நேரம் இரண்டு ஊர்ப் பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறிவிட்டது. புதிதாகப் போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை.

வெளியே வந்து கழிக்கரையில் ஒரு பலகையில் உட்கார்ந்தோம். கடலோடி சொன்ன அதே ஈயநிறத் தண்ணீர். அம்மா ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் தின்யாந்தி அருவி. அகன்ற சேலை முந்தானைபோல் பாறைப்படிகளில் விரிந்து விழுகிறது. அம்மா அடியிலேயே இருந்துகொண்டார், நான் மேலே ஏறி வந்தேன். திரும்பும் விமானம் மேகத்தால் ரத்து, ஒரு நாள் அங்கேயே தங்கினோம், ஊர்க் குளத்தின் வெந்நீரில் அம்மா முழங்காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வடதுருவ ஒளி ஒரு நாளும் தெரியவில்லை.

கடலோடி | 19 செப்டம்பர் 2024

படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். டிசம்பரில் ஊருக்கு வருகிறேன், தரங்கம்பாடிக்குப் போவேன். கோட்டையின் கடற்பக்கச் சுவரருகே நின்று அந்தக் கழியின் பெயரை ஒரு முறை சரியாகச் சொல்ல ஆசை. அம்மா கற்றுக்கொண்ட உச்சரிப்பை ஒலிப்பதிவாக அனுப்ப முடியுமா?

கொள்ளிடக்கரை | 20 செப்டம்பர் 2024

தனிமடலில் அனுப்பிவிட்டேன். ஐந்து முறை சொல்லியிருக்கிறார். மூன்றாவது முறை சொன்னதுதான் சரி, அதைக் கேட்டுப் பழகச் சொல் என்றார் அம்மா.